வீட்டுக்குள் சூரியகாந்திக் கன்று: ரொறன்ரோவில் முதல் முறை வளர்ப்பவர்களுக்கு

ஸ்காபரோவில் மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் ஆட்களின் யன்னல் ஓரமெல்லாம் மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும்தான். அதைப் பார்த்துவிட்டு சூரியகாந்தி விதையையும் அதே கையோடு ஊன்றிவிடாதீர்கள். மிளகாய்க்கு வீட்டுக்குள் எட்டு, பத்துக் கிழமை வேண்டும். சூரியகாந்திக்கு மூன்று கிழமை, மிஞ்சிப்போனால் நான்கு. மார்ச்சில் ஊன்றிய சூரியகாந்தி, மே வருவதற்குள் வெளிறிய நூல் போல நீண்டு, சாடிக்குள் வேர் சுருண்டு, வெளியே வைத்த அன்றே சரிந்துவிடும். கீழே எழுதியதில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, பிந்தித் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சூரியகாந்தியை வீட்டுக்குள் முளைக்க வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. மே கடைசியில் நேரே மண்ணில் ஊன்றினாலும் நன்றாக வரும். பிறகு ஏன் இந்தப் பாடு? முதல் காரணம் அணில். விதை ஊன்றிய இடம் இந்த ஊர் அணில்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, விடிந்து பார்த்தால் பாத்தி முழுக்கக் கிண்டிக் கிடக்கும். நாலு இலை விட்ட கன்றில் அவற்றுக்கு அந்தளவு ஆசையில்லை. இரண்டாவது, பூ இரண்டு மூன்று கிழமை முந்தி வரும். கோடை குறுகிய ஊரில் அது பெரிய விஷயம். இந்த இரண்டும் உங்களுக்கு முக்கியமில்லை என்றால் மே கடைசி வரை பேசாமல் இருந்துவிட்டு, நேரே வளவில் ஊன்றுங்கள். நேரமும் காசும் மிச்சம்.

சரி, உள்ளேதான் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

1. முதலில் கலண்டரில் திகதியைக் குறியுங்கள்

பெரிய ரொறன்ரோ பகுதியில் கடைசி உறைபனி சராசரியாக மே முதல் பாதியில் முடியும். சராசரி என்றாலே சில வருடம் பிந்தியும் விழும் என்றுதான் அர்த்தம். ஏரிக்கரை ஓரம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் முந்தியும், வடக்கே மார்க்கம், ஸ்ரோவில் பக்கம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பிந்தியும் முடியும். அதனால் இங்குள்ள தோட்டக்காரர்கள் விக்ரோரியா தின நீண்ட வார இறுதியையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். அது மே 25க்கு முந்தின திங்கட்கிழமை. ஆக, மே 18க்கும் 24க்கும் இடையில் வரும்.

அந்தத் திங்களிலிருந்து நாலு கிழமை பின்னுக்கு எண்ணுங்கள். ஏப்ரல் 20க்கும் 26க்கும் இடையில் ஒரு நாள் வரும். அதுதான் நீங்கள் விதை ஊன்றும் நாள். முளைக்க ஒரு கிழமை, உள்ளே வளர இரண்டு கிழமை, வெளிக்காற்றுக்குப் பழக்க ஒரு கிழமை. கணக்குச் சரி.

வேறு நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊரின் கடைசி உறைபனித் திகதியைத் தேடி எடுத்து, அதன் பிறகு ஒரு கிழமை தள்ளி நடும் நாளை வைத்து, அங்கிருந்து பின்னுக்கு எண்ணலாம். கல்கரி போன்ற இடங்களில் எல்லாமே இன்னும் பிந்தும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏப்ரல் நடுவில் திடீரென்று ஒரு நாள் 20 பாகைக்கு வெயில் எறிக்கும். ஜக்கெற்றைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரும் தோட்டக் கடைக்கு ஓடுவார்கள். பகல் வெப்பத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செடிக்கு இரவு எத்தனை பாகை என்பதுதான் கணக்கு.

2. விதை வாங்கும்போது பைக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள்

முன்பக்கத்தில் எல்லாமே வடிவாகத்தான் இருக்கும். பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை: செடியின் உயரம், பூக்க எத்தனை நாள், எந்த வருடத்துக்குப் பொதி செய்தது. போன வருட விதை என்றால் விடத் தேவையில்லை. உலர்வாக வைத்திருந்தால் முளைக்கும். கூட இரண்டு விதை ஊன்றினால் போதும்.

உயரம்தான் முக்கியம். பல்கனியில் வைக்கப் போகிறவர் மமொத் வகையை வாங்கக் கூடாது. அது இரண்டரை, மூன்று மீற்றர் போகும். மேல் மாடிக்காரரின் பல்கனியைத் தொடும். பல்கனிக்குக் குட்டை வகைகள் இருக்கின்றன. சன்ஸ்பொட் 60 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும், ஆனால் பூ பெரிது. ரெடி பெயர் (Teddy Bear) என்ற வகை பஞ்சுப் பந்து மாதிரி அடுக்குப் பூ. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பிக் ஸ்மைல் இவற்றையும் விடக் கட்டை. வெட்டிச் சாடியில் வைக்கப் பூ வேண்டும் என்றால் புரோகட் வகை: ஒரு தண்டு, ஒரு பூ, 50 முதல் 60 நாளில் முடிந்துவிடும், மேசையில் மகரந்தம் கொட்டாது. கொட்டைக்காக வளர்க்கிறீர்கள், பெரிய வளவும் இருக்கிறது என்றால் மட்டும் மமொத்.

தமிழ்க் கடையில் பைக்கற்றில் விற்கும் வறுத்து உப்புப் போட்ட சூரியகாந்தி விதை முளைக்காது. கோது நீக்கிய பருப்பையும் நம்ப வேண்டாம். பறவைகளுக்குப் போடும் கறுப்பு விதை வறுக்காதது, அது பெரும்பாலும் முளைக்கும், மலிவும்தான். ஆனால் அது எண்ணெய்க்கு வளர்க்கும் இனம். எவ்வளவு உயரம் வரும், எப்படிப் பூக்கும் என்று பைக்கற்றில் இருக்காது. பிள்ளைகள் கப்பில் முளைக்க வைத்து விளையாட அது போதும், பல்கனிக்கு வேண்டாம்.

ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். விதை, செடி, மண் எதுவாக இருந்தாலும் கனடாவுக்குள் வரும்போது எல்லையில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தால் பறித்துக்கொள்வார்கள், தண்டமும் விழலாம். சில விதைகளுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். மண்ணோடு செடியைக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம். எந்த விதைக்கு என்ன பத்திரம் என்பதைக் கனடிய உணவுப் பரிசோதனை முகாமையின் தளத்தில் பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். கறிவேப்பிலை விதை, முருங்கை விதை என்றால் இந்தப் பாடு படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று டொலருக்கு இங்கேயே கிடைக்கும் சூரியகாந்திக்கு வீண் அலைச்சல்.

3. இடம் உங்களுடையதா என்று பாருங்கள்

வாடகைக்கு இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், கன்று வளர்ந்த பிறகுதான் பிரச்சினை வரும். உள்ளே கன்று முளைக்க வைக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது அதை எங்கே நடப் போகிறீர்கள் என்பதைப் பற்றி.

பேஸ்மென்றில் இருந்தால் பின்வளவு உங்கள் வாடகைக்குள் வருகிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 30 தொடக்கம் போட்ட பெரும்பாலான வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் அரசாங்கத்தின் பொதுப் படிவத்தில்தான் இருக்க வேண்டும். அதில் கடைசியில் வரும் மேலதிக நிபந்தனைகளை வாசியுங்கள். ஒன்றும் எழுதியிராவிட்டால் வீட்டுக்காரரிடம் வாயால் கேட்டதோடு விடாமல், "வேலியோரம் நாலு சூரியகாந்தி நடலாமா அண்ணை" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள். புல்லை வெட்ட வருபவர் கன்றையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போனால், யார் எதற்குச் சம்மதித்தார் என்பதில் குழப்பம் வராது.

கொண்டோவில் பல்கனி நீங்கள் பாவிக்கும் இடம்தான், ஆனால் பெரும்பாலும் கட்டடத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவான சொத்து. கட்டடத்தின் விதிகள் அடங்கிய பத்திரம் முகாமையாளரிடம் இருக்கும். பல கட்டடங்களில் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே சாடி தொங்கவிட விடமாட்டார்கள். சில இடங்களில் சாடியின் பாரத்துக்கும் தண்ணீர் கீழே வடிவதற்கும் விதி இருக்கும். மின்னஞ்சலில் கேட்டால் மின்னஞ்சலில் பதில் வரும், அதுவே போதும்.

4. செலவு

கடைக்குக் கடை மாறும், ஆனாலும் ஒரு மட்டுமட்டான கணக்கு:

விதை ஒரு பைக்கற் 3 முதல் 5 டொலர். விதை முளைக்க வைக்கும் மண்கலவை, சின்னப் பை 8 முதல் 10 டொலர். தட்டும் தண்ணீர் தெளிக்கும் போத்தலும் டொலர் கடையில் இரண்டும் சேர்த்து 4 டொலர். தெற்கு யன்னல் உள்ளவர்களுக்கு 13 வீத வரியோடு 17 முதல் 22 டொலருக்குள் முடிந்துவிடும்.

யன்னல் வடக்குப் பார்த்தால், அல்லது பேஸ்மென்ற் என்றால், எல்ஈடி லைற் ஒன்று வாங்க வேண்டும்: 25 முதல் 40 டொலர். அதற்கு ஒரு ரைமர், 10 டொலருக்கு மேல். எல்லாமாக வரியோடு 60 முதல் 80 டொலர் வரை வரும். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 40 வாற்று லைற் ஒரு நாளைக்கு 15 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 18 யுனிற். இரண்டு மூன்று டொலர்தான். லைற் அடுத்த வருடம் மிளகாய்க்கும் உதவும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கத் தேவையில்லாதவை: சூடாக்கும் பாய், ஊதாநிறத்தில் எரியும் விலை கூடிய விளக்கு, வேர் வளர்க்கும் மருந்து, பிளாஸ்ரிக் மூடி போட்ட குட்டிப் பசுங்கூடம். கடைக்காரர் இவற்றைத்தான் முதலில் காட்டுவார்.

5. சாடியும் மண்ணும்

சூரியகாந்திக்கு ஆணிவேர். முளைத்த ஒரு கிழமைக்குள்ளேயே அது சாடியின் அடியைத் தொட்டுவிடும். வேரைக் குழப்பினால் கோபம் கொள்ளும் செடி இது. அதனால் அகலத்தை விட ஆழம் முக்கியம். குறைந்தது 10 சென்ரிமீற்றர் வேண்டும். தண்ணீர் விட்டால் ஊதிப் பெருக்கும், பீற் என்ற உக்கிய பாசியால் செய்த சின்ன வில்லைகளும், முட்டைப் பெட்டியும் இதற்குச் சரிவராது. கழிவறைக் கடதாசிச் சுருளின் உள்குழாயும் பலர் சொல்வதுதான், ஆனால் அது ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, தூக்கும்போது கையோடு பிய்ந்துவிடும்.

நல்லது பீற் சாடி. அதை அப்படியே மண்ணில் வைத்துவிடலாம். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கப் இருக்கிறதே, நடுத்தர அளவு, அது போதும். கழுவி, அடியில் பென்சிலால் நாலு ஓட்டை போடுங்கள். உள்ளே பிளாஸ்ரிக் பூச்சு இருப்பதால் அது மண்ணில் உக்காது. நடும்போது பக்கவாட்டில் வெட்டிக் கழற்ற வேண்டும். கப்பின் பக்கத்தில் பேனாவால் விதையின் பெயரையும் திகதியையும் எழுதிவிடுங்கள். எல்லாக் கன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும், மமொத் எது சன்ஸ்பொட் எது என்று மே மாதத்தில் தெரியாது.

மண்ணுக்கு, வளவு மண்ணைக் கிண்டிக்கொண்டு வராதீர்கள். வீட்டுக்குள் அது இறுகிவிடும், போதாததற்கு நாற்றழுகலையும், அதாவது கன்றை அடியில் அழுக வைக்கும் நோயையும், கூட்டிக்கொண்டு வரும். போன வருடச் சாடியில் மிஞ்சிய மண்ணும் வேண்டாம். விதை முளைக்க வைப்பதற்கென்றே விற்கும் கலவை இலேசாக, பசளை அதிகம் இல்லாமல் இருக்கும். அதை ஒரு வாளியில் கொட்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையில் பிடித்தால் பிடிபடும், ஆனால் தண்ணீர் சொட்டாது என்ற பதத்துக்கு வந்த பிறகு கப்பில் நிரப்புங்கள். காய்ந்த கலவையைக் கப்பில் போட்டு மேலால் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் ஓரத்தால் வழிந்து ஓடும், நடு அப்படியே தூளாகக் கிடக்கும். பலருக்கு விதை முளைக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

6. ஊன்றுதல்

ஒரு கப்பில் இரண்டு விதை, இரண்டரை சென்ரிமீற்றர் ஆழம். விரலின் முதல் மடிப்பு அளவு. கூர் முனை கீழே பார்க்கட்டும். படுத்துக் கிடந்தாலும் முளைக்கும். ஆழமில்லாமல் மேலாக விதைப்பது பெரிய பிழை. மண்ணின் பாரம் இருந்தால்தான் முளை மேலே வரும்போது கோது கழன்று மண்ணுக்குள் தங்கும்.

18 முதல் 24 பாகை வரை இருந்தால் ஒரு கிழமை, பத்து நாளில் முளைக்கும். வீட்டின் சாதாரண வெப்பமே போதும். பேஸ்மென்ற் நிலம் குளிரும் என்பதால் தட்டை நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை. மேலே பிளாஸ்ரிக் உறையால் இலேசாக மூடி ஈரலிப்பைக் காத்தால் போதும். முளைத்ததும் உறையை எடுத்துவிட வேண்டும்.

பத்து நாளாகியும் வரவில்லை என்றால் ஒரு கப்பை மெல்லக் கிண்டிப் பாருங்கள். விதை ஊதி மெத்தென்று கிடந்தால் அழுகிவிட்டது, தண்ணீர் கூடிவிட்டது. கல் மாதிரி அப்படியே இருந்தால் ஈரலிப்புப் போதவில்லை.

7. முளைத்த அன்றே வெளிச்சம்

இந்தப் படியில்தான் கன்று பிழைக்கும் அல்லது கெடும்.

முதலில் மண் கொஞ்சம் வெடிக்கும். வெள்ளைத் தண்டு வளைந்து முதுகைக் காட்டிக்கொண்டு வரும். பிறகு நிமிர்ந்து, தடித்த இரண்டு வித்திலைகளையும் விரிக்கும். சிலவேளை கோது தொப்பி மாதிரித் தலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கையால் இழுக்காதீர்கள், வித்திலையும் சேர்ந்து கழன்றுவிடும். இரண்டு தரம் தண்ணீர் தெளித்துவிட்டால் ஊறித் தானாக விழும்.

வளைந்த முதுகு மண்ணுக்கு மேல் தெரிந்த அதே நாளில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். வேலை முடிந்து வந்து பார்க்கலாம் என்று ஒன்றிரண்டு நாள் இருட்டு மூலையில் விட்டால், அந்த இரண்டு நாளில் தண்டு நீண்டுவிடும். நீண்ட தண்டு பிறகு கட்டையாகாது.

தெற்குப் பார்த்த யன்னல் என்றால் அதன் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். ஏப்ரல் கடைசியில் இங்கே பகல் பதின்மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும், ஆனால் யன்னலுக்குள் நேரே வெயில் விழுவது அதில் பாதிதான். கன்று வெளிச்சம் வரும் பக்கம் சாயும். தினமும் தட்டைத் திருப்பி வையுங்கள். கண்ணாடியிலிருந்து இரண்டு அடி தள்ளி உள்ளே மேசையில் வைத்தால், எங்கள் கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் இருக்கும், செடிக்கு அது இருட்டு. யன்னலுக்குக் கீழே வெப்பக் காற்று வரும் துவாரம் இருந்தால் அதை மூடுங்கள், அல்லது தட்டை மாற்றுங்கள். அந்தக் காற்றில் ஒரே பகலில் கப் காய்ந்துவிடும்.

லைற் என்றால் செடிக்கென்று விற்பதுதான் வேண்டும் என்றில்லை. கராஜில் மாட்டும் நாலு அடி எல்ஈடி லைற்றே போதும். பெட்டியில் 5000 முதல் 6500 கெல்வின் என்று இருக்கிறதா பாருங்கள்; மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 வேண்டாம். கன்றின் தலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, கன்று வளர வளர லைற்றையும் உயர்த்துங்கள். சங்கிலியில் தொங்கவிட்டால் ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கலாம். ரைமரில் 14 முதல் 16 மணித்தியாலம். இரவில் அணைய வேண்டும். 24 மணித்தியாலமும் எரிய விட்டால் கெதியாக வளரும் என்று நினைக்காதீர்கள்.

கன்று நீண்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? தண்டு தடித்து, இலைக்கும் இலைக்கும் இடையில் நெருக்கமாக, தட்டை ஆட்டினால் இறுக்கமாக நின்றால் நல்ல கன்று. வித்திலைக்குக் கீழே வெளிறிய தண்டு விரல் நீளத்துக்கு மேல் போய் ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. அப்போது லைற்றை இறக்குங்கள், கன்றுக்கு மெல்லிய தடி ஒன்று ஊன்றிக் கட்டுங்கள். தண்டு மிகவும் நீண்டுவிட்டது, திகதியும் இன்னும் மே முதல் கிழமைதான் என்றால், இரக்கம் பார்க்காமல் எறிந்துவிட்டுப் புதிதாக ஊன்றுவதே மேல். இந்தச் செடி அவ்வளவு கெதியாக வளரும்.

8. தண்ணீர், காற்று, பசளை

கப்புகளைத் தட்டில் வைத்து, தட்டில் தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கப்பைக் கையில் தூக்கினால் பாரம் தெரியும். இலேசாக இருந்தால்தான் அடுத்த தண்ணீர். பைப்பிலிருந்து வரும் ஐஸ் தண்ணீரை அப்படியே விடாமல் ஒரு போத்தலில் நிரப்பி வைத்துவிட்டு அடுத்த நாள் பாவியுங்கள்.

தண்ணீர் கூடினால் மண்மட்டத்தில் தண்டு சுருங்கி, கம்பியால் இறுக்கியதுபோல் ஆகி, கன்று மடிந்து விழும். அதுதான் நாற்றழுகல். விழுந்த கன்றுக்கு மருந்தில்லை. கப்போடு தூக்கி வெளியே போட்டுவிட்டு, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து, சின்ன மேசை விசிறி ஒன்றை மெதுவாகச் சுழல விடுங்கள். விசிறி எப்படியும் வைக்க வேண்டியதுதான். காற்றில் ஆடிய தண்டுதான் தடிக்கும். விசிறி இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கன்றுகளின் தலையைக் கையால் மெல்லத் தடவிவிடலாம். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோசமாகச் செய்வார்கள்.

மண்ணைச் சுற்றிக் குட்டிக் கறுப்புப் பூச்சிகள் பறந்தால் மண் எந்நேரமும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். மேல் மண் காயும் வரை தண்ணீரை நிறுத்தி, மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றைச் செருகுங்கள்.

முதல் இரண்டு கிழமைக்குப் பசளை வேண்டாம். வித்திலைக்குள் இருக்கும் சத்தே போதும். வித்திலைக்கு மேல் இரண்டாவது சோடி இலை வந்த பிறகு, திரவப் பசளையைப் பைக்கற்றில் சொன்னதில் பாதி அளவுக்கு ஒரு தரம் விட்டால் சரி. முதல் சோடி உண்மையான இலை வந்ததும் ஒரு கப்பில் நல்ல கன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் கூட வரும். மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். வீட்டில் பூனை இருந்தால், சூரியகாந்தி அதற்கு நஞ்சில்லை. கன்றுக்குத்தான் ஆபத்து.

9. வெளியே பழக்குதல்

விக்ரோரியா தினத்துக்கு ஒரு கிழமை முன்பு தொடங்குங்கள். வீட்டுக்குள் வளர்ந்த இலை வெயிலையும் காற்றையும் கண்டதில்லை. நேரே வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் வெள்ளைத் திட்டுகளாகக் கருகும்.

முதல் நாள் நிழலில், காற்றுப் படாத சுவரோரம் ஒன்று, இரண்டு மணித்தியாலம். அடுத்த நாள் கொஞ்சம் கூட. மூன்றாம் நாளிலிருந்து காலை வெயில். அப்படியே கூட்டிக்கொண்டு போய், கடைசி இரண்டு நாள் முழுப் பகலும் வெளியே. இரவு 10 பாகைக்குக் கீழே போகும் என்றால் உள்ளே எடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய கரைச்சல். சனி, ஞாயிறில் தொடங்கி, மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்த பிறகு மாலை வெயிலில் வைத்து எடுக்கலாம். ஒரு கிழமைக்குப் பதில் பத்து நாள் ஆகும், அவ்வளவுதான். அதற்காக இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

உயர்ந்த மாடிப் பல்கனிக்காரர்களுக்கு வெயிலை விடக் காற்றுத்தான் எதிரி. கப்புகளை ஒரு ஆழமான பெட்டிக்குள் வைத்து வெளியே வைத்தால் பெட்டியின் சுவர் காற்றைத் தடுக்கும். நிழலில் ஐந்தே நிமிடம் விட்டாலும் கப்பைத் தட்டி விழுத்தும் அணிலும் உண்டு. பெட்டிக்கு மேலே ஒரு பழைய அடுப்புக் கம்பித்தட்டை வையுங்கள்.

10. நடுதல்

இரண்டு சோடி உண்மையான இலை, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரம். இதற்கு மேல் வளர விடாதீர்கள். முகில் மூட்டமாக இருக்கும் நாளோ, மாலையோ நல்லது. நடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு கப்புக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

கப்பின் உயரத்துக்குக் கிடங்கு வெட்டி, அதற்குள் தண்ணீர் ஊற்றுங்கள். கோப்பிக் கப் என்றால் பக்கத்தில் மேலிருந்து கீழாக வெட்டி விரித்து, மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்குங்கள். தண்டில் பிடித்துத் தூக்கக் கூடாது. பீற் சாடி என்றால் அடியைக் கிழித்துவிட்டு, மண்ணுக்கு மேலே நிற்கும் விளிம்பையும் பிய்த்துவிடுங்கள். அந்த விளிம்பு வெளியே தெரிந்தால் திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும், வேர் காயும்.

குட்டை வகைக்குக் கன்றுக்குக் கன்று ஒரு அடி, உயர்ந்த வகைக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி. பல்கனியில் குட்டை வகை ஒன்றுக்கு 12 அங்குலச் சாடி. இடம் நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது வெயில் படுவதாக இருக்க வேண்டும். உயர்ந்த வகைக்குத் தடியை இப்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேரில் குத்தும்.

11. முதல் இரண்டு கிழமை காவல்

நட்ட அன்றே காவல் போட வேண்டும். இரண்டு லீற்றர் சோடாப் போத்தலின் அடியையும் கழுத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, நடுக் குழாயைக் கன்றைச் சுற்றி மண்ணில் இரண்டு அங்குலம் அழுத்துங்கள். தண்டை அடியில் அறுக்கும் புழு இதைத் தாண்டாது. அணிலுக்கும் முயலுக்கும் இது போதாது. கோழிக்கூட்டுக் கம்பிவலையை உருளையாகச் சுருட்டி வெளியால் வைத்து, இரண்டு தடியில் கட்டுங்கள். இரவில் ரக்கூன் வந்து புதிதாகக் கிண்டிய மண்ணைத் தோண்டிப் பார்க்கும். கன்றைச் சுற்றி நாலு கல்லை வைத்தால் அலுத்துப் போய்விடும்.

முதல் இரண்டு மூன்று நாள் கன்று மத்தியானத்தில் வாடி நிற்கும், மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலும் வாடியே நின்றால் தண்ணீர் விடுங்கள். முதல் கிழமை தினமும் தண்ணீர், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஆழமாக.

பைக்கற்றில் மிஞ்சிய விதையை எறியாதீர்கள். காவலையும் மீறி ஏதாவது கன்றைக் கடித்துவிட்டுப் போனால் அதே இடத்தில் நேரே ஊன்றி, கம்பிவலையால் மூடுங்கள். 60 நாள் வகை என்றால் யூலை தொடக்கம் வரைக்கும் ஊன்றலாம். ஒக்டோபர் உறைபனிக்கு முன்பு பூத்துவிடும். மமொத் என்றால் யூன் முதல் கிழமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.